'லாம்' போடலாமா, 'வேண்டும்' போட வேண்டுமா?

எங்கள் குடியிருப்பில் போன வருஷம் சங்கத்துக்குப் புதிதாகத் துணை விதிகள் எழுத உட்கார்ந்தோம். பழைய விதிகளை யாரோ வேறெங்கிருந்தோ அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். லிஃப்டே இல்லாத எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் பராமரிப்பைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. நாலாவது ஞாயிறு மட்டும் முழுசாக ஒரு சொல்லின் வாலில் போயிற்று. "மெயின்டனன்ஸ் பாக்கி வைப்பவருக்குச் செயற்குழு அபராதம் விதிக்கலாம்" என்பது வரைவு. 'விதிக்க வேண்டும்' என்று மாற்றச் சொன்னார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். "லாம் என்று எழுதினால் வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் ஆகிவிடும் சார்." செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் தத்தளிக்கிற குடும்பத்துக்கும் அபராதம் போட்டே தீர வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வக்கீல் என்பதால் தாள் என் பக்கம் தள்ளப்பட்டது.

அன்று அங்கே சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். சங்க விதியோ, கம்பெனி விதியோ, ஒப்பந்தமோ, எதை எழுத உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கீழே வரும் தீர்ப்புகள் சட்டங்களையும் அரசு விதிகளையும் பற்றியவை. சங்கத்தின் துணை விதி சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது. ஆனாலும் தகராறு கோர்ட்டுக்குப் போனால் இரண்டு தரப்பும் இந்த வாதங்களைத்தான் தூக்கிக்கொண்டு வரும்.

'லாம்' என்றால் விருப்பம், 'வேண்டும்' என்றால் கட்டாயம். ஆங்கிலச் சட்டத்தில் 'மே', 'ஷல்'. பார்க்கச் சுலபம்தான். கனடாவில், சட்டச் சொற்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் பொருள்கோள் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஷல் கட்டாயம், மே அனுமதி என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதே வேலைக்கு நம்மிடம் இருக்கும் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதனால் உச்ச நீதிமன்றம் ஷல்லை மே ஆகவும், மேயை ஷல் ஆகவும் பலமுறை படித்திருக்கிறது. மீறினால் காரியமே செல்லாமல் போய்விடும் விதியை வக்கீல்கள் 'மேண்டேட்டரி' என்பார்கள். மீறினாலும் காரியம் பிழைத்துக்கொள்ளும் விதி 'டைரக்டரி'. "டைரக்டரின்னா டெலிபோன் புத்தகமா?" என்று எங்கள் பொருளாளர் அக்கா கேட்டார். முதல் தடவை கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலில் வங்கி மேலாளரின் கட்சி: வெறும் 'வேண்டும்'. இதற்கு நீதிமன்றத்தில் முதல் மரியாதை உண்டு. ஷல் என்று இருந்தால் மேலோட்டமாக அது கட்டாயம்தான், ஆனால் சட்டத்தின் முழு வீச்சையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்று 1960இல் பாபுராம் உபாத்யாயா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 'ஆனால்' தான் சிக்கல். அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 320ஆவது பிரிவு. அங்கே இருப்பது ஷல். 1957இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில், அந்த ஆலோசனையில் குறை இருந்தாலும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் யோசனை அரசைக் கட்டுப்படுத்தாது, சில விஷயங்களில் கேட்கவே தேவையில்லை என்று விதி செய்துகொள்ள அதே பிரிவு இடம் கொடுக்கிறது, கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கேயும் எழுதவில்லை என்பவை காரணங்களில் சில. அரசியலமைப்பில் இருக்கும் ஷல்லுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் சங்கத்து 'வேண்டும்' எந்த மூலைக்கு?

எனக்குப் பிடித்தது ராம்பூர் வழக்கு. உத்தரப் பிரதேச நகராட்சிச் சட்டப்படி, வரி போடும் முன் வரைவைப் பிரசுரித்து ஆட்சேபம் கேட்க வேண்டும்; பிரசுரமும் இந்தியில் வெளியாகும் உள்ளூர்ப் பத்திரிகையில் இருக்க வேண்டும். ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரிக்கு உருதுப் பத்திரிகையில் போட்டுவிட்டது. ராசா புலந்த் சர்க்கரை ஆலை வரியே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960களின் நடுவில் வந்த தீர்ப்பு அந்த விதியை இரண்டாகப் பிளந்தது. பிரசுரம் செய்வது கட்டாயம், ஏனென்றால் மக்கள் ஆட்சேபம் சொல்ல அதுதான் வழி. எந்தப் பத்திரிகை என்பது டைரக்டரி. ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் போதும். ஆலை தோற்றது.

இதை அப்படியே எங்கள் பொதுக்குழு விதிக்குப் பொருத்திப் பார்த்தேன். "கூட்ட அறிவிப்பு 14 நாட்களுக்கு முன் பதிவுத் தபாலில் அனுப்பப்பட வேண்டும்" என்று வரைவில் இருந்தது. ஒரே வாக்கியத்தில் மூன்று கட்டளைகள்: அறிவிப்பு, 14 நாள், பதிவுத் தபால். செயலாளர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் கூட்டம் நடத்தினால் அது செல்லுமா செல்லாதா என்று இந்த வாக்கியத்தை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எது உயிர், எது உடை என்று எழுதுகிறவரே பிரித்துவிட்டால் நல்லது. அப்புறம் இன்னொன்று: 'அனுப்பப்பட வேண்டும்' என்பதில் யார் அனுப்ப வேண்டும் என்பதே இல்லை. செயலாளர் அனுப்ப வேண்டும் என்று ஆளைப் பிடித்து எழுதாத 'வேண்டும்' பாதி வேண்டும்தான்.

காலக்கெடு விஷயத்தில் வெறும் 'வேண்டும்' எவ்வளவு பலவீனமானது என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சிவில் வழக்கில் பிரதிவாதி சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை, அதாவது வழக்குக்குத் தன் எழுத்துப் பதில், போட வேண்டும்; கோர்ட் நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது என்று 2002இல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஷல்லும் இருக்கிறது, தாண்டக் கூடாது என்ற எதிர்மறையும் இருக்கிறது. இதைவிடக் கட்டாயமாக எப்படி எழுதுவது என்று தோன்றும். 2005இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை டைரக்டரி என்றது. அதே வருஷம் சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கிலும் அதுவே உறுதியானது. தகுந்த காரணம் காட்டினால் 90 நாளுக்குப் பிறகும் ஏற்கலாம். வழக்கை வேகப்படுத்த வந்த நடைமுறை விதி, தாமதித்தவரின் வாயை அடைக்க வந்ததல்ல. தாமதித்தால் இன்னது நடக்கும் என்ற தண்டனையையும் அந்த விதி சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. இந்தத் தடவை எழுதியவர்கள் பாடம் படித்திருந்தார்கள். 120 நாள் முடிந்தால் பிரதிவாதி எதிருரை போடும் உரிமையை இழப்பார், நீதிமன்றம் அதைக் கோப்பில் ஏற்க அனுமதிக்கக் கூடாது என்று விளைவையும் சேர்த்தே எழுதினார்கள். 2019இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 120 என்றால் 120தான், 121ஆவது நாள் கிடையாது என்றது. அதே எதிருரை, அதே சம்மன். மாறியது 'வேண்டும்' அல்ல. அதற்கு அடுத்த வாக்கியம்.

நுகர்வோர் வழக்குகளில் இந்தக் குழப்பம் இன்னும் நீண்டது. எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னொரு 15 நாளில் பதில் தர வேண்டும். 2002இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஒரு அமர்வு இது நெகிழலாம் என்றும், இன்னொரு அமர்வு கூடாது என்றும் சொன்னது. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து 45 நாளோடு சரி என்று முடித்து வைத்தது 2020 மார்ச்சில், ஒரு குளிர்பதனக் கிடங்கின் காப்பீட்டு வழக்கில். பதில் வராவிட்டால் அவர் இல்லாமலேயே முடிவெடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் விளைவு எழுதியிருந்தது அங்கேயும் எடைபோடப்பட்டது. பதினெட்டு வருஷம். ஒரு சங்கத்துக்கு அவ்வளவு ஆயுள் இருக்குமா தெரியாது.

சரி, 'வேண்டும்' வேண்டாம், 'கூடாது' போட்டால்? எதிர்மறையில் எழுதிய விதி டைரக்டரியாக இருப்பது அபூர்வம் என்பது பழைய கொள்கை; 1975இல் லட்சுமி நாராயண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. ஆங்கிலத்தில் 'மே நாட்' என்றால் செய்யக் கூடாது என்றும் படிக்கலாம், செய்யாமலும் இருக்கலாம் என்றும் படிக்கலாம். தமிழில் இரண்டும் தனித்தனிச் சொல். 'செய்ய வேண்டியதில்லை' மூன்றாவது. இந்த மூன்றில் எதைச் சொல்ல வந்தோம் என்று தமிழ் நம்மைக் கேட்டுவிடும். ஆங்கில விதியை மொழிபெயர்க்கும்போது இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

ஆனால் 'கூடாது'வும் இரும்புக் கோட்டை இல்லை. மேலே பார்த்த 90 நாள் ஒரு உதாரணம். எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, பரஸ்பர சம்மத விவாகரத்தின் ஆறு மாதக் காத்திருப்பு. இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இரண்டாவது மனு ஆறு மாதத்துக்கு முன்னால் வரக் கூடாது. 2017இல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் வழக்கில் இதையும் டைரக்டரி என்றார்கள். ஏற்கெனவே பிரிந்து வெகுகாலம் ஆகி, சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்றால், மேலும் ஆறு மாதம் காக்க வைப்பது வேதனையை நீட்டுவதுதானே? எந்தக் காரியத்துக்காக 'கூடாது' போட்டார்களோ, அந்தக் காரியமே அங்கே இல்லாதபோது அது இளகிவிடுகிறது.

இப்போது செயலாளரின் கட்சி: 'லாம்'. பேச்சுத் தமிழில் இதற்கு எத்தனை முகம்! 'போகலாம்' அனுமதி, 'மழை வரலாம்' ஊகம், 'சாப்பிடலாமா' அழைப்பு. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொன்னால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். இது எந்த அகராதியிலும் இல்லை, ஆனால் அரசு அலுவலகத்தில் ஒரு தடவை நின்றவருக்குத் தெரியும்.

'லாம்' என்று எழுதிவிட்டதால் அதிகாரத்தில் இருப்பவர் இஷ்டம்போல் நடக்கலாம் என்பதில்லை. 1880லேயே இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பிஷப் வழக்கில், அனுமதிச் சொல் அனுமதிச் சொல்தான், ஆனால் கொடுத்த அதிகாரத்தின் இயல்பில் ஒரு கடமை ஒட்டிக்கொண்டிருக்க முடியும் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அந்த வழக்கில் பிஷப் தப்பித்தார் என்பது வேறு கதை. இங்கே 1963இல் வந்த ஜோகேந்திர சிங் வழக்கு அழகானது. உத்தரப் பிரதேச விதி ஒன்றின் முதல் உட்பிரிவு, அரசு ஊழியர்களின் வழக்குகளை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்றது. இரண்டாம் உட்பிரிவு, கெசட்டட் அதிகாரி தானே கேட்டுக்கொண்டால் அவர் வழக்கை அனுப்பலாம் என்றது. இரண்டிலும் மே. இரண்டுக்கும் ஒரே பொருள் என்றால் இரண்டாவதை எழுதியதே வீண், முதலாவதிலேயே எல்லாம் அடங்கிவிடும். ஆக இரண்டாவது மே ஷல்தான், அதிகாரி கேட்டால் அனுப்பியே ஆக வேண்டும் என்று தீர்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே சொல், இரண்டு பொருள்.

இதே கண்ணோடு எங்கள் வரைவைப் புரட்டினால் ஒரு வரி மாட்டியது: "உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டால் செயலாளர் கணக்குகளைக் காட்டலாம்." கணக்கு உறுப்பினர்களுடையது, கேட்பது அவர்கள் உரிமை. இந்த 'லாம்' கோர்ட்டுக்குப் போனால் 'வேண்டும்' ஆகிவிடும் என்று செயலாளரிடம் நேராகவே சொன்னேன். அவர் வருமான வரி விஷயத்தில் எப்படி என்று கேட்டார். அங்கேயும் அப்படித்தான்: பதிவில் பிழை இருப்பதைத் திருத்தலாம் என்று அதிகாரிக்குக் கொடுத்த மே, உரியவர் வந்து கேட்டால் கடமையாகிவிடும் என்று 1970இல் ஹிர்தய் நாராயண் வழக்கில் தீர்ந்திருக்கிறது. இந்த இடத்தில் 'லாம்' எழுதுவது வீண் வேலை.

அபராதத்துக்கு வருவோம். அதற்கு நான் காட்டியது செக் பவுன்ஸ் சட்டம். 2018இல் அதில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். 143ஏ: விசாரணையில் எதிரி குற்றத்தை மறுத்தால், செக் தொகையில் 20 சதவீதத்துக்கு மிகாமல் இடைக்கால இழப்பீடு கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். 148: தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால், விதித்த அபராதத்திலோ இழப்பீட்டிலோ குறைந்தது 20 சதவீதத்தை டெபாசிட் செய்யும்படி கோர்ட் உத்தரவிடலாம். ஒரே திருத்தச் சட்டம், ஒரே நாளில் அமல், ஒரே இருபது, ஒரே மே.

148இன் மே பொதுவாக ஷல் போலத்தான், டெபாசிட் கேட்காமல் விடுவது விதிவிலக்கு, அதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்று 2019இல் சுரீந்தர் சிங் தேஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதிவிலக்குக்கு உண்மையிலேயே இடம் உண்டு என்று 2023இல் ஜம்பூ பண்டாரி வழக்கில் நினைவூட்ட வேண்டியிருந்தது. 143ஏ விஷயத்தில் உயர் நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் இது மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை, காரணம் எழுதித்தான் உத்தரவிட வேண்டும் என்றது. சத்தீஸ்கர் 2021இல் கட்டாயம் என்றது. 2024 மார்ச்சில் ராகேஷ் ரஞ்சன் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னை போன பக்கமே போனது: இந்த மே, மேதான்.

ஏன் இப்படி? 148 வருவது ஒருவர் குற்றவாளி என்று தீர்ந்த பிறகு. 143ஏ வருவது எதுவும் தீராதபோது. அங்கே மேயை ஷல் ஆக்கினால், நாளைக்கு விடுதலை ஆகப்போகிறவரும் இன்றைக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம்போல வசூலிப்பார்கள். நிரபராதியின் வீட்டை ஜப்தி செய்யும் அளவுக்குப் போகக்கூடிய கட்டாயத்தை ஒரு மேக்குள் படிக்க முடியாது. எனக்கு இந்த ஜோடி மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவான விளக்கம். சொல்லை உற்றுப் பார்த்துப் பயனில்லை. அந்தச் சொல் வழக்கின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் பாக்கெட்டில் கைவைக்கிறது என்று பார்த்தால் அர்த்தம் தானே வருகிறது.

இங்கிலாந்தில் இந்த மேண்டேட்டரி, டைரக்டரி என்ற இரண்டு டப்பாக்களையே 2005இல் சொனேஜி வழக்கில் ஓரம் கட்டிவிட்டார்கள். விதியை மீறினால் காரியம் முழுக்கச் செல்லாமல் போக வேண்டும் என்று நாடாளுமன்றம் நினைத்ததா என்று நேராகக் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டம் வரைபவர்களும் அங்கே ஷல்லைத் தவிர்த்து 'மஸ்ட்' என்று எழுதப் பழகிவிட்டார்கள். நம் சட்டத் தமிழில் 'செய்தல் வேண்டும்' என்பார்கள். கொஞ்சம் விறைப்புதான், ஆனால் 'எனக்குக் காப்பி வேண்டும்' என்பதிலிருந்து அந்த வேண்டும் விலகி நிற்க அது உதவுகிறது. சங்க விதிக்கு அந்த விறைப்பு தேவையில்லை என்பது என் கட்சி.

அபராத விதியில் நான் கடைசியில் எழுதிக் கொடுத்ததில் 'லாம்', 'வேண்டும்' இரண்டும் முதல் வரியில் இல்லை. "கெடு தேதிக்குப் பின் பாக்கித் தொகை மீது மாதம் 1 சதவீதம் வட்டி சேரும்." சேரும், அவ்வளவுதான். வணிக நீதிமன்றச் சட்டத்தின் 'உரிமையை இழப்பார்' மாதிரி, யாரும் விதிக்கத் தேவையில்லாமல் தானே நடக்கும் விளைவு. வங்கி மேலாளர் பயந்த பாரபட்சத்துக்கு இதில் இடமில்லை. அதற்கு மேல் தனி அபராதம் வேண்டுமென்றால், உறுப்பினருக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு, அவர் சொன்னதைப் பதிவு செய்த பிறகே செயற்குழு விதிக்கலாம் என்று அடுத்த வரி. இங்கே 'லாம்' தான் சரி. ஆஸ்பத்திரிக் குடும்பத்துக்கு மூச்சு விட இடம். காரணம் எழுதாமல் விதித்த அபராதம் செல்லாது என்றும் சேர்த்தேன். தண்ணீரை நிறுத்தலாம் என்று ஒருவர் கேட்டதை எந்தச் சொல்லிலும் எழுத மறுத்துவிட்டேன்.

கணக்கு விதி: "கேட்ட 7 நாளில் செயலாளர் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் உறுப்பினர் அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே நேரில் பார்த்துக்கொள்ளும் உரிமை பெறுவார்." கூட்ட அறிவிப்பு: "14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த தீர்மானம் செல்லாது. அறிவிப்பைத் தபாலிலோ, கையிலோ, வாட்ஸ்அப்பிலோ செயலாளர் அனுப்பலாம்; அனுப்பிய முறையில் உள்ள குறையால் மட்டும் தீர்மானம் செல்லாமல் போகாது." ராம்பூர் நகராட்சிக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் சர்க்கரை ஆலை டெல்லிவரை போயிருக்காது.

வட்டியும் கணக்கும் அறிவிப்பும் அன்றைக்கே நிறைவேறின. அபராதத்தில் மட்டும் ஒரு இழுபறி: செயற்குழு உறுப்பினரே பாக்கி வைத்தால் விளக்கம் கேட்பது யார்? மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, பொருளாளர் அக்கா வீட்டில் குக்கர் விசில் கேட்டது. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவர்.